ஊட்டியில் பத்து நாள்: ரத்தம் ஊறுமா, கால் தாங்குமா?

கேள்வி: ஐயா, எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் ஓட்டக் குழுவின் செயலாளர் நான். கிராஸ் கன்ட்ரி (புல், மண், மேடுபள்ளம் வழியே ஓடும் நெடுந்தூர ஓட்டம்) பருவம் தொடங்கும் முன், ஜூன் கடைசியில், ஊட்டியில் பத்து நாள் பயிற்சி முகாம் நடத்தப்போகிறோம். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. செலவில் பெரும்பகுதியை முன்னாள் மாணவர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். 22 பேர் வருகிறார்கள், அதில் ஒன்பது பேர் பெண்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி செப்டம்பர் இறுதியில். எங்கள் சீனியர் ஒருவர் போட்டிருக்கும் திட்டம் இது: முதல் நாள் காலை 10 கி.மீ. நேரச் சோதனை, பிறகு தினமும் காலை 12 கி.மீ., மாலை 8 கி.மீ., ஐந்தாம் நாள் தொட்டபெட்டா ஏறி இறங்குதல், கடைசி நாள் மீண்டும் நேரச் சோதனை. குழுவில் பாதிப் பேர் இப்போது வாரத்துக்கு 30 கி.மீ.தான் ஓடுகிறார்கள். மலையில் ஓடினால் ரத்தம் கூடும் என்கிறார்கள். பத்து நாள் போதுமா? சென்ற ஆண்டு முகாமில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் திரும்பி மூன்று வாரத்தில் மூன்று பேருக்குக் காலின் முன் எலும்பில் வலி. ஒருவருக்கு எலும்பில் கீறல் என்று ஸ்கேனில் வந்தது. எதனால்? பெண்களுக்குத் தனி அறை ஏற்பாடு செய்திருக்கிறோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?
— குழுச் செயலாளர், கோவை

பதில்: அன்புள்ள தம்பி,

பவுடருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தத் திட்டத்தைக் கூட்டிப் பார்ப்போம். காலை 12, மாலை 8 என்றால் பத்து நாளில் ஏறக்குறைய 200 கி.மீ. வாரம் 30 கி.மீ. ஓடுபவர் வழக்கமாகப் பத்து நாளில் ஓடுவது 43 கி.மீ. அளவில். அதாவது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதையும் காற்று மெலிந்த மலையில், ஏற்ற இறக்கத்தில், தென்மேற்குப் பருவமழையில் ஓடச் சொல்கிறீர்கள். திட்டம் போட்ட அண்ணனுக்கு அந்தத் தூரம் பழகியிருக்கலாம். அவர் தனக்கு வேண்டிய முகாமைப் போட்டுவிட்டு, மற்ற 21 பேரையும் அதில் ஏற்றியிருக்கிறார். சென்ற ஆண்டும் இதே திட்டம்தானா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலேயே எனக்குத் தெரிகிறது.

ரத்தத்துக்கு வருவோம். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். 1968-இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ அதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி தெமு தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27 விநாடி. அப்போது உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கிடம் இருந்தது: 27 நிமிடம் 39 விநாடி. அந்தக் கிளார்க் மெக்சிகோவில் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். உலகின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரருக்கே அந்த உயரம் செய்த வேலை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவந்த பிள்ளை, மறுநாள் காலை 10 கி.மீ. ஓடித் தரும் நேரத்தை வைத்து நீங்கள் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? முதல் நாள் நேரச் சோதனையை இன்றே அடித்துவிடுங்கள்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைகிறது. சிறுநீரகம் இதை உணர்ந்து, ஓரிரு நாளிலேயே எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைச் செய்ய வைக்கிறது. உங்களுக்குச் சொன்னவர்கள் இதுவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். காலக் கணக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். உடலின் மொத்த ஹீமோகுளோபின் குறிப்பிடும்படி கூட வேண்டுமானால், மூன்று நான்கு வாரமாவது அங்கேயே தங்க வேண்டும். நம் தேசிய அணியின் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஊட்டியில் முகாமிட்டதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில். பத்து நாளில் உங்களுக்கு நடப்பது வேறு: முதல் சில நாள்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைகிறது. கீழே வந்த கையோடு யாராவது ஆர்வத்தில் ஹீமோகுளோபின் பார்த்தால் எண் சற்றுக் கூடியிருக்கும். நீர் சுண்டிய குழம்பு கெட்டியாகத் தெரிவது போன்ற கணக்கு அது, சரக்கு கூடவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வெயிலில் ஓட உடல் பழகுவதற்குப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். வியர்வை சீக்கிரம் வரும், பிளாஸ்மா கூடும், அதே வேகத்தில் இதயத் துடிப்பு குறையும். குளிருக்குப் போனால் இந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். உங்கள் போட்டி செப்டம்பர் இறுதியில் என்பதால் பிழைத்தீர்கள், திரும்பப் பழக நேரம் இருக்கிறது. ஆனால் மலையிலிருந்து இறங்கிய முதல் வாரம், ‘மலையிலேயே ஓடியாயிற்று, இதென்ன’ என்று பகல் வெயிலில் யாரும் வேகம் காட்ட வேண்டாம்.

அப்படியானால் ஊட்டியே வேண்டாமா என்றால், போங்கள் என்றே சொல்வேன். கோவையில் காலை எட்டு மணிக்கு மேல் முடியாத ஓட்டத்தை அங்கே பத்து மணிக்கும் ஓடலாம். புல்லும் ஈரமண்ணும் ஏற்றமும் கிடைக்கும். டிராக்கிலும் தார்ச்சாலையிலும் மட்டுமே ஓடிப் பழகிய கால்களுக்கு கிராஸ் கன்ட்ரி தரை எப்படி வழுக்கும், எப்படி உள்வாங்கும் என்பது தெரியவரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரோடு ஒருவர் ஓடக் கற்கலாம். உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஒரு அணிக்கு ஆறு பேர் ஓடினால் முதல் நால்வரின் இடங்களைக் கூட்டுகிறார்கள். தொகை குறைந்த அணிக்கே வெற்றி. கல்லூரிப் போட்டிகளிலும் இந்த மாதிரிக் கணக்குத்தான். முதலில் வருபவன் எவ்வளவு பெரிய ஆள் என்பதைவிட நான்காவது ஆள் எவ்வளவு பின்னால் இருக்கிறான் என்பதே அணியின் தலையெழுத்து. தனித்தனியாக ஓடும் ஊரில் இதைப் பழகுவது கடினம். ஒரே மண்டபத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழும் பத்து நாளில் எளிது. உயரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அவ்வளவுதான். முன்னாள் மாணவரின் பணத்தைச் சிக்கனப்படுத்த நினைத்தால் சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காடும் இதே வேலையைச் செய்யும்.

இப்போது, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி. முகாமில் ஒன்றும் இல்லாமல், மூன்று வாரம் கழித்து எலும்பு ஏன் வலித்தது?

எலும்பு உயிருள்ள திசு. சுமை கூடினால் அது தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும். ஆனால் கட்டுவதற்கு முன்னால் பழையதை அரித்து எடுக்கும். அரிப்பு முதலில், பூச்சு பிறகு; இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். ஜூன் கடைசியில் ஏற்றிய சுமைக்கு எலும்பு மிக மெலிந்து நிற்கும் நேரம் ஜூலை நடுவில் வருகிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கல்லூரி திறந்ததும் அணித் தேர்வு, அதற்காக டிராக்கில் வேக ஓட்டம். முகாமில் நன்றாக ஓடியவர்கள் இன்னும் நன்றாக ஓடியிருப்பார்கள், வலி வரும் வரை. எனவே சென்ற ஆண்டு முகாமில் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதாதீர்கள். அங்கேதான் ஆயிற்று, தெரிந்தது பிறகு.

இதில் அதிகம் மாட்டுபவர்கள் பலவீனமானவர்கள் இல்லை. ஃபுட்பால், கபடி என்று ஆடிவிட்டு ஓட்டத்துக்கு வந்திருப்பார்களே, அவர்கள்தான். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லை என்பதால் இன்னும் ஓடலாம் என்று தோன்றும். கீழே எலும்பு தயாராக இருக்காது.

வலியைப் பிரித்துப் பார்க்க உங்கள் ஆள்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். முன் எலும்பின் உட்புற ஓரத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் குறைந்தால், பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய உறையின் எரிச்சல். தூரத்தைப் பாதியாக்கி, மென்மையான தரைக்கு மாறினால் அடங்கும். ஒற்றை விரலால் ‘இதோ இங்கே’ என்று காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, இரவில் படுத்த பிறகும் விண்விண் என்று தெறிக்கிற வலி என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்றே காட்டும். அதை நம்பித் திரும்ப ஓடி எலும்பை முழுதாக உடைத்துக்கொண்டவர்களை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். இடுப்பு மடிப்பில், தொடையின் உள்பக்கம் ஆழத்தில் வலி என்று யாராவது சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் கீறல் விட்டால் அறுவை சிகிச்சை வரை போகும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது முகாமில் அடியோடு கூடாது. பையில் டைக்ளோபெனாக் பட்டை வைத்திருக்கும் சீனியர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரிடமிருந்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவுதான் ஓடுவது? முகாமில் ஓடப்போகும் தூரத்தை முடிவு செய்வது இனி வரும் ஆறு வாரம். வாரம் 30 கி.மீ. ஓடுபவர் இன்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று கி.மீ. கூட்டி, நடுவில் ஒரு வாரம் குறைத்து, 40-ஐத் தொட்டுவிட்டு வந்தால், முகாமின் பத்து நாளில் 60 முதல் 70 வரை தாங்குவார். இன்று 60 ஓடுபவருக்கு 100 போதும். அண்ணனுக்கு மட்டும் வேண்டுமானால் அவருடைய 200 இருக்கட்டும். இப்படிக் கடைசி நான்கு வாரத்தின் சராசரியைப் பார்த்து மூன்று குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஆண்டு, சீனியாரிட்டி, நட்பு எதையும் பார்க்க வேண்டாம். தூரத்தைவிட நிமிடத்தைச் சொல்லி ஓட விடுவது மலையில் நல்லது: ‘இன்று 45 நிமிடம்’ என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், மெதுவான பிள்ளைக்குக் கூடுதல் தண்டனை இருக்காது.

முதல் மூன்று நாள், வழக்கமான மெது ஓட்டத்தைவிடக் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாக. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு நின்றுவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள், கடிகாரம் என்ன சொன்னாலும் சரி. முதல் இரண்டு இரவு தூக்கம் சரியாக வராது. தலை லேசாக வலிக்கலாம். அது உயரத்தின் வேலை. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்காற்று நெஞ்சைப் பிடிக்கும். இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்று பஸ் ஏறும் முன்பே பாருங்கள். நான்காம் நாளிலிருந்து புல்தரையில் 20 விநாடி வேக ஓட்டங்கள் ஆறேழு, இன்னொரு நாள் சிறு ஏற்றத்தில் பத்து விநாடி ஓட்டங்கள். இவ்வளவு வேகம் போதும். நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. மாலை ஓட்டத்துக்குப் பதில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவது, படி ஏறி இறங்குவது போன்ற பலப் பயிற்சிகளை அரைமணி நேரம் செய்யச் சொல்லுங்கள். பாதிப் பேர் முனகுவார்கள். முனகட்டும்.

தொட்டபெட்டா ஏற நான் தடை சொல்லவில்லை. 2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி, போட்டோ எடுக்காமல் யார் திரும்புவார்கள்? ஆனால் ஓடி ஏறுங்கள், வண்டியில் இறங்குங்கள். இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத காலில் அது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். மறுநாள் விடுதிப் படியில் பின்பக்கமாக இறங்கும் 22 பேரைப் பார்ப்பீர்கள், அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். முகாமில் மிச்சமிருக்கும் பயிற்சி அதோடு போயிற்று.

விடிவதற்கு முன் யாரும் வெளியே ஓட வேண்டாம். தேயிலைத் தோட்டச் சாலைகளில் காட்டெருமை நிற்கும். மாடுதானே என்று பக்கத்தில் போகிற தைரியம் சமவெளிப் பிள்ளைகளுக்கு அதிகம். ஆறரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், கூட்டமாகப் போங்கள். மழையில் ஷூ காயாது. ஆளுக்கு இரண்டு ஜோடி, உள்ளே திணிக்கப் பழைய செய்தித்தாள். தனி வண்டி வைத்துப் போனால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் பாட்டில் காலியாகிறதா என்று பார்ப்பதையும் ஒருவரின் பொறுப்பாக்குங்கள்.

பெண்களைப் பற்றி. தனி அறை போட்டது சரி. அதோடு உங்கள் பொறுப்பு முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். பயிற்சி கடுமையானால் மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம் என்று ஓட்டக்காரப் பெண்களே நம்புகிறார்கள். அதை நல்ல உடற்தகுதிக்கு அடையாளம் என்று சொன்ன பயிற்சியாளர்களும் உண்டு. முழுத் தவறு. ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்றால் உடல் முதலில் கைவைப்பது அங்கே. ஈஸ்ட்ரோஜன் குறையும், அதோடு எலும்பின் வலுவும் குறையும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையைத் தனிக் கோளாறாகவே வரையறுத்தது. ஆண்களுக்கும் இது வரும், வெளியே தெரிய நாளாகும், அவ்வளவுதான். தொடர்ந்து மூன்று மாதம் நின்றுபோன பெண் முகாமுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பில் கீறல் வந்த அந்த ஒருவர் பெண் என்றால், இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா என்று விசாரியுங்கள். இதை நீங்கள் படிவம் போட்டுக் கேட்காதீர்கள். சீனியர் பெண் ஒருவரையோ, உடன் வரும் ஆசிரியையையோ முகாமின் இணைப் பொறுப்பாளர் ஆக்குங்கள். அவரிடம் பேசுவார்கள். ஓடும் பாதையில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் அவரே முன்கூட்டிப் பார்த்துவைக்கட்டும். அது இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் ஓடும் பெண்கள் நிறையப் பேர்.

சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓட்டம் முடிந்த அரைமணிக்குள் இட்லியோ பொங்கலோ முட்டையோ வயிற்றுக்குள் போக வேண்டும். ஊட்டியில் நடப்பது என்னவென்றால், ஓடி முடித்துக் குளிரில் டீக்கடையில் நிற்பார்கள், வர்க்கியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிவிட்டு, காலைச் சாப்பாட்டைக் கொறிப்பார்கள். டீயில் உள்ள டானின் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். வர்க்கிக்கு நான் எதிரி இல்லை. மதியம் கீரை, சுண்டல், அதன் மேல் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

புரோட்டீன் பவுடர் வேண்டாம். பருப்பு, தயிர், முட்டை, நிலக்கடலை போதும். அசைவம் சாப்பிடாதவர்களுக்குப் பாலும் பனீரும் கூட்டிப் போடுங்கள். பல்கலைக்கழகப் போட்டிகளிலும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை சோதனைக்கு வரலாம். டப்பாவில் எழுதாத கலப்படம் உள்ளே இருந்தால் மாட்டுவது கடைக்காரர் இல்லை, ஓடியவர்தான். அந்தப் பணத்தை வேறொன்றுக்குச் செலவிடுங்கள்: இந்த வாரமே 22 பேருக்கும் ஹீமோகுளோபினும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் குழுவில் யாருக்கும் இல்லாமல் இருந்தால் ஆச்சரியப்படுவேன். இரும்பு இருப்பு இல்லாத உடம்பை மலையில் எத்தனை வாரம் வைத்தாலும் அதற்கு ரத்தம் செய்யப் பொருள் கிடையாது. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருப்பவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்பு மாத்திரையை இப்போதே தொடங்கலாம். ஆறு வாரம் அதற்கு உருப்படியான அவகாசம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பட்டை வாங்கிப் பங்கு போட்டுவிடாதீர்கள், தேவையில்லாதவர்களுக்கு அது கெடுதல்.

கடைசி நாள் நேரச் சோதனையை அண்ணன் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஊட்டியில் வேண்டாம். கீழே இறங்கி முதல் வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள். அடுத்த மூன்று வாரம், எலும்பு மெலிந்திருக்கும் காலம், டிராக் வேக ஓட்டமே கூடாது. ஆகஸ்ட் முதல் வாரம், கோவையில், காலை ஆறு மணிக்கு, புல்தரையில் 5 கி.மீ. வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லூரித் தேர்வு அதற்கு முன்னால் வருகிறது என்றால், உடற்கல்வி இயக்குநரிடம் இந்தப் பதிலைக் காட்டித் தேதியைத் தள்ளிக் கேளுங்கள்.